மாமரத்தில் ஒரு தையல் வீடு

பங்குனி மாதத்தில் முக்கொம்பில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் கண்ணில் படும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதியோடு நின்றுவிடும். ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணை கட்டிய இடத்தில் நின்று கிழக்கே பார்த்தால், வலப்பக்கம் காவிரியும் இடப்பக்கம் கொள்ளிடமும் இரண்டு வெள்ளைப் பாதைகளாகப் பிரிந்து போகும். நடுவில் பச்சையாகக் கிடப்பது ஸ்ரீரங்கம் தீவு. ஆறு ஓய்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் மாமரங்களுக்கு வேலை அதிகம். ஒரு கிளையில் செம்பழுப்புக் கொழுந்து, அடுத்த கிளையில் கொத்துக்கொத்தாக வடு. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளும் நாட்களில் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் மாவடு விற்பனை மும்முரமாக நடக்கும்.

வீடுகளிலும் அப்படித்தான். கோடை முற்றுவதற்குள் கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்ட வேண்டும். நாய்க்கும் பசுவுக்கும் நிழலும் தண்ணீரும் பார்க்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் பழம்புடவைகளை வெட்டி அடுக்கி, பேரப்பிள்ளைகளுக்கு விரிப்பும் போர்வையும் தைக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். செடி, பிராணி, தையல் என்று ஒரே நாளில் மூன்று வேலை. அந்தப் பாட்டியின் தலைக்கு மேலே, மாமரத்தில், இதே மூன்று வேலைகளையும் மனிதர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செய்துவரும் ஒரு குடும்பம் இருக்கிறது. அதுதான் முசுறு எறும்பு.

மரமேறியவர்களுக்கு முசுறைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செம்மஞ்சள் நிறம், நீண்ட கால்கள், தொட்டால் பின்வாங்காமல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும் சுபாவம். இதற்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், எரிச்சல் அதனால்தான். அந்தப் புளிப்புக்காகவே ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இதை அரைத்துச் சட்னி செய்கிறார்கள். அந்தச் சட்னிக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதன் அறிவியல் பெயர் ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. இந்தியாவில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இந்த ஓர் இனமே பரவியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் இதற்கு ஓர் உடன்பிறப்பு இனம் உண்டு. உயிரோடு இருப்பவை இந்த இரண்டே இரண்டுதான்.

முசுறு மண்ணில் வளை தோண்டுவதில்லை, மரப்பொந்தையும் தேடுவதில்லை. மரத்திலேயே இருக்கும் பச்சை இலைகளைக் காம்போடு அப்படியே விட்டுவைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, பந்துபோல வீடு கட்டுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இலைகள் காற்றில் சுருண்டு ஒட்டிக்கொண்டன என்றே தோன்றும். கிட்டே போனால் ஓரங்களுக்கு நடுவே வெள்ளையாக, காகிதம்போல மெல்லிய ஒரு படலம் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

1770-இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஆஸ்திரேலியக் கரைக்குப் போன ஜோசப் பேங்க்ஸ் இந்தக் காட்சியைக் குறித்துவைத்தார். அந்த ஊர் முசுறுக்கு வயிறு பச்சை. உள்ளங்கையைவிட அகலமான இலைகளை எறும்புகள் வளைத்துப் பிடித்திருக்க, வேறு சில எறும்புகள் உள்ளே ஏதோ பசை தடவிக்கொண்டிருந்தன. இத்தனை சின்ன உயிர்களா இவ்வளவு விறைப்பான இலையை வளைத்திருக்கின்றன என்று அவருக்குச் சந்தேகம். பிடித்திருந்த எறும்புகளைக் கலைத்துப் பார்த்தார். இலைகள் எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு வேகத்தோடு நிமிர்ந்தன. இழுவைக்கு அவருக்கு விடை கிடைத்துவிட்டது. பசை எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த இழுவையே தனி ஆச்சரியம். முதலில் சில எறும்புகள் இலையோரத்தைக் கவ்வி ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்க்கும். ஓரிடத்தில் இலை கொஞ்சம் மடங்கியதும், மற்ற இடங்களில் முயன்றவை வேலையை விட்டுவிட்டு அங்கே ஓடிவந்து சேரும். எட்டிப் பிடிக்க முடியாத இடைவெளி என்றால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்வும், அதன் இடுப்பை இன்னொன்று. இப்படி உயிருள்ள சங்கிலிகள் பல பக்கம் பக்கமாக நின்று இரண்டு இலைகளை நெருக்கிக் கொண்டுவரும்.

கூட்டமாக இழுப்பதில் மனிதர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் வெளியிட்ட முடிவு இது: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் பலம் குறைகிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை மாத விருப்பன் திருநாள் தேருக்கு வடம் பிடித்தவர்கள் இதை அறிவார்கள். ஆயிரம் பேர் வடத்தில் இருந்தாலும் எல்லோருடைய மூச்சும் ஒரே நொடியில் சேர்வதில்லை. சிலர் பிடித்திருப்பதோடு சரி. முசுறிடம் நேர்மாறு. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை இலையொன்றை விசையளவியில் பொருத்தி முசுறை இழுக்கவிட்டு, முடிவை 2025-இல் வெளியிட்டார்கள். தனியாக இழுக்கும் எறும்பு தன் எடையைப்போல் ஏறக்குறைய 59 மடங்கு விசை தருகிறது. பதினைந்து சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொன்றும் தருவது 103 மடங்கு. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வோர் எறும்பின் பலமும் பெருகுகிறது.

வேலை பிரித்துக்கொள்வதில் இருக்கிறது இதன் சூட்சுமம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். சங்கிலியின் முன்னால் இருப்பவை உடலைச் சுருக்கி இழுக்கின்றன. பின்னால் இருப்பவை இழுப்பதைவிட, காலை ஊன்றி உடலை நீட்டி, கிடைத்த அங்குலத்தை நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் முன்னால் இருப்பவை இழுத்தது எதுவும் வீணாவதில்லை. ஒரு கையால் இழுத்து மறு கையால் பிடித்துக்கொள்வதை முசுறு உடல்களைக் கோத்துச் செய்கிறது.

இலைகள் நெருங்கிவிட்டன. இனி தைக்க வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லி 1890-இல் இதன் விடையை எழுதினார். இலங்கையில் முசுறை நேரில் பார்த்த ஜெர்மன் விலங்கியலாளர் ஃபிரான்ஸ் டோஃப்லைன் 1905-இல் அதை விரிவாக விவரித்தார். கூட்டில் ஒரு கிழிசல் உண்டாக்கிவிட்டுக் காத்திருந்தால் முதலில் காவலெறும்புகள் சீறிக்கொண்டு வரும். பிறகு ஒரு வரிசை, கிழிசலின் ஒரு கரையில் காலூன்றி எதிர்க்கரையைத் தாடையால் பற்றும். அதன் பிறகு உள்ளிருந்து வேறு சில எறும்புகள் வரும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைப் புழு இருக்கும். அது அந்தக் கூட்டின் சொந்தக் குழந்தை.

வளர்ந்த முசுறால் நூல் நூற்க முடியாது. நூல் சுரப்பி புழுப் பருவத்தில்தான் உண்டு. ஆகவே அக்காள் தங்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இடுப்பளவில் மெல்லக் கவ்வி, தலையை முன்பக்கம் நீட்டிப் பிடித்து, இலையின் ஓரத்தில் அதன் வாயைத் தொடவைப்பாள். உணர்கொம்பால் புழுவின் தலையைத் தட்டுவாள். புழு ஒரு துளிப் பட்டை வெளியே விடும். அது இலையில் ஒட்டும். உடனே எதிர் இலைக்குக் கொண்டுபோய்த் தொடவைப்பாள். இழை நீளும். மீண்டும் இந்தப் பக்கம், மீண்டும் அந்தப் பக்கம். ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து துணியாகிவிடும். கூட்டின் வெளிச்சுவர், உள்ளறைகளின் தடுப்பு, வாசல் எல்லாமே இந்தப் பட்டுதான்.

என்னைப் பொறுத்தவரை முசுறின் கதையில் உச்சமான இடம், தையல் முடிந்தபிறகு அந்தப் புழுவுக்கு என்ன ஆகிறது என்பதுதான். முசுறின் நெருங்கிய உறவினரான பல எறும்புகளின் புழுக்கள் வளர்ந்ததும் தம்மைச் சுற்றிப் பட்டு நூற்று, அந்தக் கூட்டுக்குள் பத்திரமாகப் படுத்து உருமாறுகின்றன. முசுறுப் புழுவிடமும் அதற்கான பட்டு இருக்கிறது. ஏராளமாகவே இருக்கிறது, அதன் சுரப்பி உடலளவுக்கு மிகப் பெரியது. ஆனால் அதைத் தனக்காகச் செலவிடுவதில்லை. முழுவதையும் வீட்டுச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, உருமாறும் நாட்களில் எந்த உறையும் இல்லாமல் வெற்றுடம்போடு கிடக்கிறது. தனக்கென்று இருந்த போர்வையை அது எல்லோருக்குமான போர்வையாக மாற்றிவிட்டது. அதற்குப் பதிலாக, தையல் வீட்டுக்குள் பல்லாயிரம் சகோதரிகள் அதைக் காக்கிறார்கள். ஆப்பிரிக்க இனத்தை ஆராய்ந்த எட்வர்ட் வில்சனும் பெர்ட் ஹோல்டாப்ளரும் 1980-இல் இன்னொன்றையும் கண்டார்கள்: ஆண் புழுக்களின் பட்டுச் சுரப்பி சிறியது, வீட்டுக்கு அவை தரும் பட்டும் குறைவு.

நாம் உடுத்தும் காஞ்சிபுரம் பட்டும் ஒரு புழு தனக்காக நூற்ற போர்வைதான். அதைக் கொதிநீரில் போட்டுப் பறித்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டு பட்டும் ஒன்றல்ல. பட்டுப்புழுவின் இழையில் புரதச் சங்கிலிகள் தட்டையான தாள்களாக அடுக்கப்பட்டுப் படிகம்போல இறுகியிருக்கும். எறும்பு, தேனீ வகைகளின் பட்டில் அவை சுருள்களாகி, சுருள்களே ஒன்றையொன்று முறுக்கிக் கயிறாகின்றன. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் டாரா சதர்லாண்ட் குழுவினர் முசுறின் பட்டுப் புரதங்களையும் அவற்றின் மரபணுக்களையும் பிரித்துப் படித்து இதை உறுதிசெய்தார்கள். இயற்கை இருவேறு வழிகளில் பட்டைக் கண்டுபிடித்திருக்கிறது.

அதே கொல்லையில் இன்னொரு தையல்காரரும் உண்டு. தையல்சிட்டு, அகலமான இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி இழையையும் நாரையும் செலுத்திப் பைபோலத் தைக்கும். 1769-இல் தாமஸ் பெனன்ட் இந்தப் பறவையை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, அது காய்ந்த இலையைப் பொறுக்கிவந்து பச்சை இலையோடு சேர்த்துத் தைப்பதாக எழுதிவிட்டார். உண்மையில் அதுவும் முசுறைப்போல உயிருள்ள இலைகளையே தைக்கிறது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை. கூடு இலையோடு இலையாக மறைந்திருக்கும். ஆனால் தையல்சிட்டின் நூல் வெளியில் பொறுக்கியது. நூலையும் வீட்டிலிருந்தே எடுப்பது முசுறுதான்.

ஒரு கூடு ஒரே நாளில் தயாராகிவிடக்கூடும். அதோடு வேலை முடிவதில்லை. இலை என்றைக்கானாலும் காயும், உதிரும். ஆகவே கூட்டம் எப்போதும் எங்கோ ஒரு கிளையில் புது வீடு தைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த கூட்டத்துக்கு ஒரே ராணி, ஆனால் பல மரங்களில் பரவிய நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், ஐந்து லட்சம்வரை வேலைக்கார எறும்புகள். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எல்லையோரக் கிளைகளில் புழுவும் முட்டையும் இல்லாத காவல் கூடுகள் இருக்கும். அவற்றில் குடியிருப்பவை வயதான எறும்புகள். அயல் கூட்டம் நுழைந்தால் முதலில் பாய்வது அவைதான். வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள். ஆக முசுறு தன் கிழவிகளைப் போருக்கு அனுப்புகிறது. இன்னும் உழைக்க வேண்டிய இளையவர்களை உள்ளே வைத்துக்கொண்டு, உழைத்து முடித்தவர்கள் எல்லைக்குப் போகிறார்கள். எனக்கு இது மனிதர்களின் ஏற்பாட்டைவிட நியாயமாகப் படுகிறது.

இனி இந்த வீட்டுப் பிராணிகள். சில கூடுகளைப் பிரித்தால் உள்ளே செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் இலை நரம்பில் வாய்வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். சாற்றில் மிஞ்சிய இனிப்பை அவை துளித்துளியாகக் கழிக்கும்; முசுறு அதைக் குடிக்கும். மழையும் எதிரிகளும் அண்டாமல் அவற்றைச் சுற்றிப் பட்டுக் கொட்டகை தைத்துக்கொடுக்கும். இந்தத் தொழுவத்தைப் பெரும்பாலும் கவனிப்பவை, வெளியே அதிகம் வராத குட்டையான வேலைக்கார எறும்புகள். 1950-களில் சான்சிபார்த் தீவின் கிராம்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க இனத்தைக் கவனித்த எம். ஜே. வே, எறும்புகள் தம் தேவைக்குமேல் செதில் பூச்சிகளைப் பெருகவிடுவதில்லை, மிகுந்தால் கொன்றுவிடுகின்றன என்று எழுதினார். மந்தை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்த மேய்ப்பர்கள்.

ஆனால் எல்லாப் பிராணிகளும் இவ்வளவு சாது இல்லை. முக்கொம்புக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே, மேலூரில், மேலணைக் காப்புக்காட்டில் 2015 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெரிய சிறகுகளைத் தேடுவார்கள். நான் சிறு நீலன்களைப் பார்க்கச் சொல்வேன். அந்தக் குடும்பத்தில் பல இனங்களின் புழுக்கள் எறும்புகளோடு வாழ்பவை. நீர்மருது மரத்து இலைகளைத் தின்று வளரும் ஆர்ஹோபாலா வகைப் புழுவைச் சுற்றி முசுறுகள் காவலுக்கு நிற்கும். மற்றப் புழுவென்றால் கண்டதும் கொன்று இழுத்துப்போகும் எறும்பு, இதைத் தொட்டுத் தடவிக்கொடுக்கும். புழுவின் முதுகிலுள்ள சுரப்பி ஒரு தித்திப்புத் துளியைத் தரும். பார்ப்பவர்களுக்கு நல்ல கொடுக்கல் வாங்கலாகத் தோன்றும். 2015-இல் ஜப்பானிய ஆர்ஹோபாலா ஒன்றையும் வேறொரு எறும்பினத்தையும் வைத்து நடந்த ஆய்வு இந்தத் துளியைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தது. அதைக் குடித்த எறும்புகளின் மூளையில் டோபமைன் குறைந்தது. அவை கூட்டுக்குத் திரும்பிப் போகாமல் புழுவின் பக்கத்திலேயே தங்கின. புழு ஆபத்தை உணர்ந்து தன் உணர்நீட்சிகளை நிமிர்த்தியதும் சண்டைக்குத் தயாராயின. யார் யாரை வளர்க்கிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுகிறது. எறும்புக்குப் புழு செல்லப்பிராணி என்று நினைத்திருந்தோம். கட்டிவைக்கப்பட்டது எறும்பாகவும் இருக்கலாம்.

தோட்ட வேலைக்கு வருவோம். முசுறு இலையைத் தின்பதில்லை. இலையைத் தின்பதைத் தின்னும். கம்பளிப்புழு, வண்டு, தத்துப்பூச்சி எதுவானாலும் நாலைந்து எறும்புகள் கால்களைப் பற்றி விரித்துப் பிடிக்கத் தொடங்கினால் தப்பாது. தென் சீனாவில் கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு தாவர நூல், ஆரஞ்சு மரங்களைக் காக்க இந்த எறும்புக் கூடுகளைப் பைகளில் கட்டிச் சந்தையில் விற்றதைச் சொல்கிறது. பின்னாளில் மரத்துக்கு மரம் மூங்கில் கழி கட்டிப் பாலமும் போட்டுக்கொடுத்தார்கள். பூச்சியால் பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு உலகில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. நம் காலத்தில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் பால் வான் மெலே குழுவினர் பழ ஈக்களைக் கவனித்தார்கள். முசுறு உள்ள மரங்களில் பழ ஈயின் சேதம் குறைவு. எறும்பு நேரில் இல்லாவிட்டாலும் அது நடந்துபோன மாம்பழத் தோலில் விட்டுச்சென்ற வாசனையே ஈயை முட்டையிடவிடாமல் விரட்டுகிறது. வடஆஸ்திரேலியாவில் முந்திரியிலும் மாவிலும் இதைத் திட்டமிட்டே வளர்க்கும் முறைகளை ரென்காங் பெங்கும் கீத் கிறிஸ்டியனும் வகுத்தார்கள்.

இந்தத் தோட்டக்காரரிடம் குறை இல்லாமல் இல்லை. அது வளர்க்கும் செதில் பூச்சிகளின் இனிப்பு நீர் கீழ் இலைகளில் வழிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். பூக்களைச் சுற்றி நின்று தேனீக்களையும் துரத்தும். ஆனால் அதிலும் ஒரு திருப்பம். சிங்கப்பூரில் மெலஸ்டோமா என்ற காட்டுச்செடியை ஆராய்ந்தவர்கள், அதன் பூக்கள் முசுறை வரவழைத்து வைத்துக்கொள்வதைக் கண்டார்கள். எறும்பைப் பார்த்து ஒதுங்குபவை சிறு தேனீக்கள்; அவற்றால் அந்தப் பூவுக்குப் பெரிய பயன் இல்லை. மகரந்தத்தை நன்றாகக் கொண்டுசேர்க்கும் பெரிய கருவண்டுகள் எறும்பைச் சட்டைசெய்யாமல் வந்துபோகின்றன. செடியே வாசலில் ஒரு காவலரை நிறுத்தி ஆள் பார்த்து உள்ளே விடுகிறது. வடு பறிக்க மரமேறுபவரின் துன்பத்துக்கு மட்டும் இப்படி ஒரு சமாதானம் சொல்ல முடியாது. அவர் கையிலும் காலிலும் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறுவதைத் தவிர வழியில்லை.

இவ்வளவும் நேற்று முளைத்த பழக்கமல்ல. கென்யாவில் விக்டோரியா ஏரித் தீவொன்றில் கிடைத்த முசுறு இனக் கூட்டத்தின் புதைபடிவத்தை வில்சனும் ராபர்ட் டெய்லரும் 1964-இல் விவரித்தார்கள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய அந்தக் கல்லில் நெட்டை எறும்பு, குட்டை எறும்பு, புழு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. நெட்டைக்கும் குட்டைக்குமான அளவு விகிதம்கூட இன்றைய கூட்டங்களை ஒத்திருந்தது. அவ்வளவு நீண்ட மரபுள்ள ஒரு வீட்டை, கடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தீப்பந்தம் கட்டிக் கொளுத்துவதும் மருந்தடிப்பதும் எனக்கு வருத்தம் தருகிறது. வழியை மறிக்கும் கிளையில் கூடு இருந்தால் கழிப்பதில் தவறில்லை. மற்றக் கிளைகளில் விட்டுவைத்தால் மரத்துக்கு நன்மை, பிள்ளைகளுக்குப் பாடம்.

டோஃப்லைன் இலங்கையில் செய்ததை ஸ்ரீரங்கத்திலோ ஜீயபுரத்திலோ ஒரு பள்ளிப்பிள்ளையும் செய்துபார்க்கலாம். முழுக்கை சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கைக்கெட்டும் உயரத்தில், இலைகள் பச்சையாக இருக்கும் கூடாகப் பார்த்து, நீண்ட குச்சியின் முனையால் பட்டுப் படலத்தில் ஒரு விரற்கடை அளவு கீறிவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். காவலெறும்புகளின் கோபம் அடங்கும்வரை பொறுமை தேவை. அவை வரிசைகட்டி ஓரங்களை இழுக்கத் தொடங்கியதும் உருப்பெருக்கியை எடுக்கலாம், அல்லது கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கிழிசலின் உட்பக்கத்தில் கண்ணை வைத்திருங்கள். வாயில் வெள்ளைப் புழுவோடு ஓர் எறும்பு வந்து, இந்த ஓரத்தில் ஒரு தொடுதல், அந்த ஓரத்தில் ஒரு தொடுதல் என்று வேலையைத் தொடங்கும்.